சேர்மன் அசையவில்லை

சேர்மன் என்றால் ஆள் இல்லை, பாறை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ பதவிச் சண்டைக் கதை என்று நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். மலைச்சரிவில், தெருவின் கடைசி வீட்டுக்கு மேலே, ஒரு அறை பெரிசுக்குக் குந்திக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பாறை அது. யார் எவ்வளவு கத்தினாலும், மழை எப்படி அடித்தாலும், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ரோடு கேங்கில் யாரோ ஒரு மகராசன் அதற்குச் சேர்மன் என்று பேர் வைத்தான். பேர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

அந்தச் சேர்மனை அளக்கிறவனுக்கு ஆணி என்று பேர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது, அது சம்பளம் போடுகிறவர்களோடு சரி. ரோடு கேங்கில் அவனுக்கு வேலை என்னவென்றால், மழை பெய்து மலையிலிருந்து கல் உருண்டு ரோட்டில் விழுந்தால் வாரி ஓரமாகத் தள்ளுவது, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கல்லை இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக் கடப்பாரையால் நெம்பித் தள்ளிவிடுவது. அதோடு வாரம் ஒருமுறை மேலே ஏறி ஒரு அளவு எடுக்க வேண்டும். சேர்மன் உடம்பில் ஒரு போல்ட் அடித்திருந்தார்கள். சரிவில் கீழே, தெருவுக்குச் சற்று மேலே, ஒரு இரும்பு ஆணி. போல்ட்டிலிருந்து ஆணி வரைக்கும் டேப்பைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மண் கீழே நகர்ந்தால் ஆணியும் சேர்ந்து நகரும், இடைவெளி கூடும். ஒரு விரல்கட்டை கூடினாலும் இன்ஜினியருக்குப் போன் போடவேண்டும். அவர் உத்தரவு போட்டால் தெருவே காலியாகி, கீழே பள்ளிக்கூட ஹாலுக்குப் போய்விடும். இதுதான் ஏற்பாடு.

அந்தத் தெருவின் கடைசி வீட்டில்தான் ஆணி இருந்தான். அவன் அக்கா வீடு. அத்தான் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிவிட்டது, பிள்ளைகுட்டி கிடையாது. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரோரமாக அடுக்கடுக்காகத் துணி. அம்மா இல்லாத தம்பியைச் சோறூட்டி, தலை வாரிவிட்டு, அடித்து, அழுது வளர்த்தது எல்லாம் அந்த அறைதான். தெருவுக்கே அவள் தையலக்கா. எந்நேரமும் கழுத்தில் டேப் தொங்கும், குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவாள் என்று ஒரு கேலி உண்டு.

"அக்கா ஆளை அளக்கறா, தம்பி மலையை அளக்கறான். குடும்பமே சரியான அளவுக் குடும்பம்ப்பா" என்பார் எதிர்வீட்டு பேக்கரிக்காரர். மாவு ஒட்டின கையோடு வந்து நின்று வம்பிழுக்காவிட்டால் அவருக்கு அடுப்பே பற்றாது.

தம்பி ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பார்க்கத் தலையைச் சாய்த்துக் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்து, டேப்பில் அந்த இடத்திலேயே சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக் கொடுத்தாள் அக்கா. நூல் இரும்பு ஆணியின் தலைக்கு நேரே வந்து நின்றால் கவலையில்லை. அதற்குப் பிறகு எத்தனை மழை, எத்தனை வெயில். நூல் வந்து நிற்கும். டாண் என்று வந்து நிற்கும். ஆணி கீழே பார்த்துக் கையை வாயில் குவித்து, "சேர்மன் அசையலை!" என்று கத்துவான். அக்கா மிஷினை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவாள்.

ஒருதடவை கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் குட்டிச் சுத்தியல். பார்க்கிற கல்லையெல்லாம் தட்டுவாள், காதை வைக்காத குறைதான். கேங்கில் உடனே மண் டாக்டர் என்று பேர் வைத்தாகிவிட்டது. நல்ல பெண், திமிர் கிடையாது, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"மலை சும்மா நிக்குதுன்னு நினைக்கறீங்க. அது தேய்ஞ்சுக்கிட்டே இருக்கு. வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும், விரிசல்ல தண்ணி போகும், தண்ணி பின்னாடியே மர வேர் போகும். பாறை கல்லாகும், கல்லு மண்ணாகும், மண்ணை மழை தள்ளி ஆத்துல விடும், ஆறு கொண்டுபோய்க் கடல்ல கொட்டும். மலை முழுக்கக் கடலுக்குத்தான் கிளம்பிப் போய்க்கிட்டிருக்கு. நம்ம ஆயுசு பத்தாது, அதனால தெரியலை."

"எங்களுக்குத் தெரியாதா? அது கடலுக்குப் போற வழியில ரோட்டுல இறங்கி உட்கார்ந்துக்குது. நாங்கதானே வாரி வழியனுப்பறோம்" என்றான் ஆணி. கேங்கே சிரித்தது.

அவளும் சிரித்தாள். பிறகு சேர்மனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இந்தப் பாறை அடியில மலையோட ஒட்டியிருக்கா, இல்ல எப்பவோ மேலேர்ந்து உருண்டு வந்து மண்ணுல உட்கார்ந்ததா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சு வந்த சேர்மனா, நியமனச் சேர்மனான்னு கேக்கறீங்க."

"ஆமா. நியமனம்னா இவரை வெச்சு எதையும் அளக்கக்கூடாது. தோண்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"தோண்டிடலாம்" என்று ஆணி பெரிய மனுஷத்தனமாகச் சொன்னான். அவள் பஸ் ஏறினாள். யாரும் தோண்டவில்லை. அட, தினம் பார்க்கிற முகத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

அந்த வருஷ மழையில்தான் இன்ஜினியர் தெருவுக்கு வந்து கூட்டம் போட்டார். சமதளத்தில் புதுக் குடியிருப்பு தயாராக இருக்கிறது, விருப்பப்பட்டவர்கள் வீட்டை விட்டுவிட்டு அங்கே போகலாம், கட்டாயமில்லை என்றார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் எல்லோர் முகமும் ஆணி பக்கம் திரும்பியது. தலைக்கனம் என்பது அப்படித்தான் ஏறுகிறது, நாமாக ஏற்றிக்கொள்வதில்லை, பத்துப் பேர் சேர்ந்து ஏற்றிவிடுகிறார்கள். ஆணி எழுந்து நின்று, டேப்பைத் தூக்கிக் காட்டி, "நான் அளக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு மயிரிழை மாறலை. சேர்மன் அசையாதவரைக்கும் நாம ஏன் அசையணும்?" என்றான். கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் விசில் கூட அடித்தார்.

அக்கா மட்டும் வீட்டுக்குள் போய்ப் பெட்டியில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். முன்கதவு மழைக்கு மழை இறுகுகிறது, சுவரில் மிஷினுக்குப் பின்னால் ஒரு விரிசல் ஓடுகிறது, அவளுக்கு மனசு சரியில்லை.

"மழையில மரம் ஊறினா கதவு இறுகத்தான்க்கா செய்யும். நான் எதுக்கு இருக்கேன்?" என்று பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அவனே எடுத்துப் பழையபடி அடுக்கினான். இழைப்புளியைக் கொண்டுவந்து கதவின் மேல் ஓரத்தைச் சீவிவிட்டான். அழகாகத் திறந்து மூடியது. ஒவ்வொரு மழைக்கும் சீவுவான், அக்கா மேல் அவனுக்கு அவ்வளவு பாசம். பட்டை பட்டையாகச் சுருண்டு விழும் மரச்சீவலை அக்கா கூட்டி அள்ளுவாள். குடியிருப்பு வேறு யார் யாருக்கோ போய்விட்டது.

அப்புறம் ஒரு கோடையில் குழாய்க்காரர் வந்தார். தெருவுக்குத் தண்ணீர் வருவது பக்கத்து மலை முகட்டுத் தொட்டியிலிருந்து. அந்த முகடு வெறும் கட்டாந்தரைப் பாறை, புல் கூட முளைக்காது. அங்கிருந்து ஒரு ஓடையைத் தாண்டி இந்தச் சரிவுக்குள் நுழைகிற இடத்தில் குழாய் அடிக்கடி பிடுங்கிக்கொள்ளும். ஆணி ஒத்தாசைக்குப் போனான்.

"உங்க தெருக் குழாய்க்கு மட்டும் என்ன வியாதியோ தம்பி, வருஷா வருஷம் குட்டையாகுது" என்றார் குழாய்க்காரர். "நானும் ஒட்டுப் போட்டுப் போட்டு அலுத்துட்டேன். இந்தா பாரு."

ஓடை ஓரத்தில் குழாய் கந்தல் துணி மாதிரி இருந்தது. வெள்ளைத் துண்டு, சாம்பல் துண்டு, நீலத் துண்டு, மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இணைப்பு.

"குழாய் எங்கயாவது குட்டையாகுமாண்ணே?" என்று ஆணி வாய் விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

குழாய் குட்டையாகாது. தொட்டி பாறைமேல் இருக்கிறது, அது எங்கும் போகாது. அப்படியானால் இந்தப் பக்கத்து நுனிதான் விலகிப் போகிறது. இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? தெரு இருக்கிறது. அவன் ஒட்டுத் துண்டுகள்மேல் கையை நீட்டி வைத்துப் பார்த்தான். விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் போய், அதற்கு மேலும் போயிற்று.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? பசை டப்பாவை எடு" என்றார் குழாய்க்காரர்.

ஆணி டப்பாவை எடுத்துக் கொடுத்தானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். சேர்மனின் முதுகுப் பக்கம் போனான். அங்கே மலைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பள்ளம், சருகு நிறைந்து கிடக்கும். மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம் என்று நினைத்து அதில் உட்கார்ந்து எத்தனை தடவை டீ குடித்திருக்கிறான்! சருகை வாரிப் போட்டுவிட்டுப் பாறையின் அடியில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். ணங் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. வெந்த கிழங்கில் குத்தினாற்போல உள்ளே இறங்கியது. வேறொரு பக்கம் குத்தினான், இறங்கியது. பிடிக்கிற இடம் வரைக்கும் இறங்கியது. களிமண், சரளை, அதற்கும் கீழே களிமண்.

நியமனச் சேர்மன்தான். எந்தக் காலத்திலோ மேலே உடைந்து, உருண்டு வந்து, மண்மேல் உட்கார்ந்து, அன்றிலிருந்து மண்ணோடு மண்ணாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரும்பு ஆணியும் இறங்கியிருக்கிறது, தெருவும் இறங்கியிருக்கிறது. எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒன்றாக இறங்கினால் டேப்புக்கு என்ன தெரியும்? அங்கேயே சருகின்மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். அவளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆளு நடந்துக்கிட்டே இருந்தா தோளும் இடுப்பும் சேர்ந்துதானேடா நடக்கும். நடுவுல பிடிச்ச டேப்பு என்ன செய்யும், பாவம்" என்றாள்.

"நான்தான்க்கா பெட்டியைப் பிரிச்சேன்."

"நீ வேணும்னா செஞ்ச? போ, முகம் கழுவிட்டு வா. சாப்பிடு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. திட்டவில்லை. அதுதான் அவனைப் போட்டு அறுத்தது.

மறுநாள் இன்ஜினியரிடம் ஓடினான். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, குழாய்க் கதையையும் கடப்பாரைக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிய்யா. டேப் என்ன சொல்லுது?"

"டேப் சரியாத்தான் சார் இருக்கு. சேர்மன்தான் சார்..."

"குடியிருப்புல இப்ப ஒரு அறைகூட காலி கிடையாது. பள்ளிக்கூட ஹாலைத் திறக்கணும்னா எனக்கு ஒரு அளவு வேணும். தெருக்காரங்க குழாய் குட்டையாகுதுன்னு நான் மேலிடத்துல போய்ச் சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களா மாட்டாங்களா? துளை போட்டுப் பார்க்கற மிஷினுக்குச் சொல்லிவைக்கறேன். மழை முடிஞ்சதும் வந்துரும்."

"மழை முடிஞ்சா மிஷின் எதுக்கு சார்?"

அவர் பேனாவை மூடினார்.

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். முதலில் சிரித்தார்கள். அப்புறம் கோபம் வந்தது. பேக்கரிக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து, "ஏன்டா, போகாதேன்னு சொன்னதும் இதே வாய், போன்னு சொல்றதும் இதே வாயா? அன்னிக்குச் சும்மா குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல வெச்ச. இப்ப அடுப்பைத் தலைமேல தூக்கிக்கிட்டு எங்கடா போறது?" என்று கேட்டார். மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்தும்போது ஒவ்வொரு கதவும் மேல் மூலையில் உரசுவது ஆணியின் காதில் விழுந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தம் எங்கே போயிருந்தது?

முதல் மழை அடித்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காரியம் செய்தான். யோசித்துச் செய்ததா என்றால் இல்லை, பயத்தில் செய்தது. இன்ஜினியருக்குப் போன் போட்டு, "ரெண்டு விரல் கூடியிருக்கு சார்" என்று சொல்லிவிட்டான்.

பொய்தான். ஆனால் எவ்வளவு நல்ல பொய்! அந்தப் பொய் நின்றிருந்தால் இந்தக் கதையே வேறு. சங்கு ஊதினார்கள். தெரு முழுக்கப் பாயும் தலையணையுமாகப் பள்ளிக்கூட ஹாலுக்குப் போயிற்று. அக்கா ஒரு மிஷினை மட்டும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஹால் மூலையில் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். ஆணிக்கு எத்தனையோ நாள் கழித்து மூச்சு வந்தது.

இன்ஜினியர் கடமை தவறாதவர். மறுநாள் காலையிலேயே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து, மேலே ஏறிவிட்டார். கேங் மேஸ்திரி டேப்பைப் போல்ட்டில் மாட்டினார். இன்ஜினியர் தன் கையாலேயே மறுநுனியை இழுத்துப் பிடித்தார். சிவப்பு நூல் இரும்பு ஆணியின் தலைக்கு நேரே வந்து நின்றது. டாண் என்று வந்து நின்றது.

"எங்கய்யா ரெண்டு விரல்?"

ஆணி டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அக்காவுக்குக் குடியிருப்புல இடம் வாங்கணும்னு பார்த்தியா? அதுக்கு ஒரு தெருவையே மழையில இழுத்தடிப்பியா?"

"சார், நாம நிக்கற இடமே போய்க்கிட்டிருக்கு சார். சத்தியமா சார்."

"மேஸ்திரி, இனிமே நீங்க கூட நின்னு பார்த்துச் சொல்லுங்க. இவன் தனியா சொன்னா நான் நம்பறதா இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

தெரு திரும்பி வந்தது. நனைந்த பாயோடும் குளிரில் இருமும் பிள்ளைகளோடும் வந்தது. யாரும் ஆணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரர் கேலி கூடச் செய்யவில்லை. தெருவில் ஒருத்தனைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்றால், அவன் கதை முடிந்தது என்று அர்த்தம்.

"நாம போயிடலாம்க்கா. யாரும் வராட்டி போறாங்க."

"போகலாம்டா. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு அறை பேசியிருக்கேன். இப்ப இருக்கறவங்க காலி பண்ணணும், அடுத்த மாசம் பொறந்ததும் வரச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள இந்த ஸ்கூல் சட்டைங்களை முடிச்சுக் குடுத்துடறேன். பிள்ளைங்க பழசைப் போட்டுக்கிட்டா போகும்?"

"மழை வலுக்குதே."

"மழை எனக்குத் தெரியாததா? நீ போய் நாலு மணிநேரம் தூங்கு. கண்ணு ரெண்டும் கொவ்வைப் பழமா இருக்கு."

மாசம் பொறக்கவில்லை, மழைதான் பொறந்தது. பகலா சாயங்காலமா என்று தெரியாத மழை. ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, கேங் முழுக்க அங்கே மண்வெட்டியோடு நின்றது. காலையில் இன்ஜினியர் மேஸ்திரிக்குப் போன் செய்து, சேர்மனை ஒரு எட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார். மேஸ்திரிக்கு இருக்கிற வேலையில் மேலே ஏற நேரமில்லை. "நீயே போய்ட்டு வாடா. ஆனா உண்மையைச் சொல்லு" என்றார்.

ஆணி போகும் வழியில் வீட்டு ஜன்னலைத் தட்டினான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மேசைமேல் வெள்ளைச் சட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. பட்டன் மட்டும்தான் பாக்கி என்று கையால் காட்டினாள். இன்றைக்கே கிளம்பிவிடலாம், அந்த அறை இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தாலும் பரவாயில்லை என்று அவன் ஜன்னல் வழியாகக் கத்தினான். சரி என்று தலையாட்டினாள். நீ வருவதற்குள் முடித்துவிடுவேன் என்றாள்.

மேலே மழையில் எதுவும் தெரியவில்லை. டேப்பைப் போல்ட்டில் மாட்டி, இழுத்துக்கொண்டே இறங்கி, இரும்பு ஆணியின் தலையில் பிடித்தான். சிவப்பு நூல் வந்து நின்றது. அவன் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். நகர்ந்து தொலையேன், ஒரே ஒரு விரல்கட்டை நகரேன், உன் காலில் விழுகிறேன் என்று பாறையைப் பார்த்துக் கெஞ்சினான். டேப் விறைப்பாக நின்றது.

பையில் போன் அடித்தது. அக்கா.

"டேய், கதவு மாட்டிக்கிச்சுடா. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், அசையமாட்டேங்குது. வந்து கொஞ்சம் சீவிவிடு."

"அக்கா, ஜன்னல் கம்பியை... இல்ல, பின்பக்கம் போ, பின்கதவு..."

"அதுவும்தான்டா மாட்டியிருக்கு. நீ எதுக்குக் கத்தற? அவசரம் ஒண்ணும் இல்லை, இன்னும் நாலு பட்டன் இருக்கு. மெதுவா வா, வழுக்கும்."

அவன் டேப்பை நூல் நின்ற இடத்திலேயே இரும்பு ஆணியில் சுற்றிவிட்டு ஓடத் திரும்பினான். ஓட முடியவில்லை. கால் எடுத்து வைத்தான், தரை அவனுக்கு முன்னால் போயிற்று. பெரிய சத்தம் எதுவும் முதலில் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. பக்கத்து முகடு, அந்தத் தொட்டி, மெல்ல மேலே ஏறிப்போவது போலிருந்தது. அது ஏறவில்லை, இவன்தான் இறங்கிக்கொண்டிருந்தான். இவனும், சேர்மனும், இரும்பு ஆணியும், புல்லும், புதரும், ஒரு துண்டு மலை அப்படியே உட்கார்ந்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தகரக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அப்புறம்தான் சத்தம். அவன் அக்கா என்று கத்தியது அவன் காதுக்கே எட்டவில்லை.

எல்லாம் நின்றபோது மழை மட்டும் பழையபடி பெய்துகொண்டிருந்தது. ஆணி மார்பு வரை சேற்றில் இருந்தான். ஒரு கீறல் கிடையாது, அப்படி ஒரு பாழாய்ப்போன அதிர்ஷ்டம். தெரு இருந்த இடத்தில் மண் இருந்தது. தெருவுக்குக் கீழே இருந்த ரோடு இல்லை, ரோட்டுக்குக் கீழே இருந்த ஆறு கலங்கி, வெள்ளை வெள்ளையாக எதையோ சுழற்றிக்கொண்டு போயிற்று. சட்டைகள். ஆற்றங்கரையில் சேர்மன் குந்தியிருந்தது, கொஞ்சம் கூடச் சாயாமல், அதே முகத்தோடு.

கேங் வந்தது, இயந்திரங்கள் வந்தன, கடைசியில் இன்ஜினியர் வந்தார். சேர்மனுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. போல்ட்டில் டேப் மாட்டினது மாட்டினபடி இருந்தது. அது சேற்றின்மேல் நேராக ஓடி, இரும்பு ஆணியில் போய் முடிந்தது. மேஸ்திரி குனிந்து கட்டை விரலால் சேற்றை வழித்தார். சிவப்பு நூல்.

அங்கே உட்கார்ந்திருந்த ஆணி தலை நிமிர்ந்தான்.

"அதே அளவுதான் சார்" என்றான். "அசையலை."

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றினார். மழையில் தலை நனைய நின்றார்.

தோண்டினார்கள். பேக்கரிக்காரர் உயிரோடு கிடைத்தார், அவர் மனைவி கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல், சேர்மனுக்குச் சற்றுக் கீழே, ஒரு கதவு வந்தது. மேல் ஓரத்தில் வருஷா வருஷம் சீவிச் சீவி, ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் ஆகியிருந்த கதவு. அதைப் பார்த்த எல்லோருக்கும் யார் வீட்டுக் கதவு என்று தெரிந்துவிட்டது. ஆணியைக் கை காட்டி மேலேயே உட்கார வைத்துவிட்டு மேஸ்திரியும் இரண்டு பேரும் கையாலேயே மண்ணை அள்ளினார்கள். மண்வெட்டி வேண்டாம் என்று மேஸ்திரி சொல்வது மேலே வரை கேட்டது.

"ஆணி!" என்று கூப்பிட்டார் மேஸ்திரி. அவர் குரல் உடைந்திருந்தது. "வாடா. சீக்கிரம் வா."

அவன் எழுந்தான். என்ன கிடைத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கால் கட்டை விரலை மண்ணில் ஊன்றி, பிடி கிடைக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த காலை வைத்தான்.

"சீக்கிரம்டா!"

"மெதுவாத்தான் வருவேன்" என்றான் ஆணி. "அக்கா மெதுவா வரச் சொல்லியிருக்கா. வழுக்குமாம்."